கஸ்தூரி அக்கா அழிக்காமல் வைத்த கோப்புகள்

செவ்வாய்க்கிழமை காலை கடை முதலாளி போன் செய்தார். "கஸ்தூரி போயிட்டாப்பா. ஹார்ட் அட்டாக்காம். இன்னிக்கு ஷட்டர் தூக்காத."

ராயப்பேட்டையில் எங்கள் ஜெராக்ஸ் கடைக்கு வந்த உங்கள் எல்லோருக்கும் அக்காவைத் தெரியும். உங்கள் மனுக்களை டைப் அடித்தவர், கார்டுகளை ஸ்கேன் செய்தவர், வரிசையில் முண்டியவர்களைத் திட்டியவர்.

போன வருடம் கடைக்குப் புதுக் கம்ப்யூட்டர் வந்தது. பழையதில் இருந்தவற்றை மாற்றும் வேலை என்னுடையது. திரையில் தெரிந்ததையெல்லாம் பென் டிரைவில் இழுத்துப் போட்டேன். பழையதை முழுக்க அழித்து விற்றாகிவிட்டது.

"தொறந்து பாத்தியா நைனா?" என்று அக்கா கேட்டார்.

"எல்லாம் ஏறிடுச்சுக்கா."

ஏறியவை வெறும் ஷார்ட்கட்கள், கோப்புகள் இருக்கும் இடத்தைக் காட்டும் பெயர்ப்பலகைகள். கோப்புகள் பழைய கம்ப்யூட்டரோடு போய்விட்டன. அது எனக்குத் தெரியவில்லை.

இரண்டு வாரம் கழித்துப் பார்வதி வந்தார். அடையாற்றங்கரையில் அவர் வீட்டை அதிகாரிகள் இடித்தபோது ரேஷன் கார்டும் இடிபாட்டுக்குள் போயிருந்தது. மாற்று வீட்டுப் பட்டியலில் பெயர் சேர்க்க, அங்கே குடியிருந்ததற்கு ஆதாரம் வேண்டுமாம். கேட்டது இடித்தவர்கள்தான். இதைக் கேட்க அவர்களுக்குக் கூச்சமாகவே இல்லை. மறுநாள் கடைசி நாள்.

"இங்கதான ஸ்கேன் பண்ணேன், எடுத்துக் குடு தம்பி."

கோப்பைத் தட்டினேன். திறக்கவில்லை. அடுத்ததும் திறக்கவில்லை.

அக்கா என் முகத்தைப் பார்த்தார். பார்வதியிடம், "மிஷின் ஸ்லோவா கீது, குந்து" என்றார். இழுப்பறையிலிருந்து ஒரு ஹார்ட் டிஸ்க்கை எடுத்தார். சனிக்கிழமைதோறும் எல்லாக் கோப்புகளையும் அவர் அதில் தனியாக ஒரு பிரதி எடுத்து வைத்திருந்தது அன்றுதான் எனக்குத் தெரிந்தது. கார்டு கிடைத்தது.

பார்வதி போன பிறகுதான் திட்டினார். "புதுசு வந்தா பழைய காப்பிய தூக்கிப் போட்ருவியா? உன் போட்டோ போனா இன்னொண்ணு எடுத்துக்குவ. அவங்க இன்னா பண்ணுவாங்க?"

அடக்கத்துக்குப் பார்வதி இரண்டு பஸ் மாறி வந்தார். வீடு கிடைத்துவிட்டது, ஊருக்கு வெளியே. மயிலாப்பூரில் வீட்டு வேலைக்கு வர விடியும் முன்பே கிளம்ப வேண்டும். இதைத்தான் மறுவாழ்வு என்கிறார்கள்.

அன்று கோப்பை அழித்தவன் நான்தான் என்று அவரிடம் சொன்னேன். அக்காவின் டிஸ்க்கிலிருந்துதான் கார்டு கிடைத்தது என்பதையும் சொன்னேன்.

"அந்த டிஸ்க்கு இப்ப யாராண்ட கீது?"

"எங்கிட்டதான்."

"எங்க சனத்தோட கார்டெல்லாம் அதுல கீது தம்பி. இன்னொரு காப்பி எடுத்து வை."

எடுத்தேன். இப்போது ஒவ்வொரு கோப்பாகத் திறந்து பார்க்கிறேன். பாதிகூட முடியவில்லை. அக்காவிடமிருந்து எனக்கு வந்தது இந்த வேலைதான்.