ஓல்டனில் எட்டு நாற்காலிகளும் ஓர் அண்ணையும்

கடந்த நவம்பரில் ஒரு செவ்வாய்க்கிழமை, சுவிட்சர்லாந்தில் உள்ள ஓல்டனுக்குப் போனேன். சுற்றிப் பார்க்க அல்ல. அங்கே பெரும்பாலும் ரயில் மாறத்தான் இறங்குவார்கள். ஒரு முதியோர் இல்ல ஊழியர்களோடு இனப் பாகுபாடு பற்றிய குழு உரையாடலை நடத்துவது என் வேலை. இதே வேலையாகப் பயணிப்பவர்களுக்காக எழுதுகிறேன்.

நான் இருக்கும் வின்டர்தூரிலிருந்து ரயிலில் ஏறக்குறைய ஒரு மணி நேரம். அரைக்கட்டண அட்டையோடு பதினெட்டு பிராங். நிலையத்திலிருந்து பாலம் வழியாகப் பதினைந்து நிமிட நடை. பேருந்தும் உண்டு, ஆனால் மூடுபனியில் நடந்தால் தலை தெளியும்.

விஷயம் இதுதான். அங்கே வசிக்கும் முதியவர் ஒருவர், கறுத்த கை தன்னைக் குளிப்பாட்டக் கூடாது என்றிருக்கிறார். அதனால் பராமரிப்பாளர் சிவாவை மூன்று வாரமாகச் சமையலறைக்கு மாற்றியிருந்தார்கள். சிவா தான் வேலை செய்த மாடிக்குத் திரும்புவாரா என்பது அன்றைக்குத் தெரிய வேண்டும்.

இரண்டு மணிக்கு எட்டு நாற்காலிகளை வட்டமாகப் போட்டோம்; சிவாவை மாற்றிய மாடிப் பொறுப்பாளரும் வந்து உட்கார்ந்தார். பதவி கிடையாது, எல்லோருக்கும் முதற்பெயரும் 'நீ'யும்தான் என்று விதி போட்டதே நான். ஆனால் சிவாவின் யாழ்ப்பாணத்து முகத்தைக் கண்டதும் வாய் சும்மா இருக்கவில்லை.

"வணக்கம் அண்ணை, நீங்கள் முதல்ல கதைக்கிறீங்களோ?" என்று தமிழில் கேட்டுவிட்டேன்.

மற்றவர்கள் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்கள். சிவா சிரித்தபடி ஜெர்மனில், "எனக்கு ஒரு பிரச்சினையும் இல்லை" என்றார். பேச்சை அடுத்த நாற்காலிக்குத் தள்ளிவிட்டார்.

இடைவேளையில் காபி மெஷினுக்குப் பக்கத்தில் சிவா என்னிடம் வந்தார். "பிள்ளை, பதினாறு வருசம் இவையோட சிவாவா வேலை செய்தனான். நீங்கள் அண்ணை எண்டதோட நாங்கள் ரெண்டு பேரும் ஒரு கட்சி. இனி நான் என்ன சொன்னாலும் நீங்கள் சொல்லித்தந்தது எண்டுதான் நினைப்பினம்."

வெட்கமாக இருந்தது. மற்றவர்களுக்குப் பாடம் எடுக்கிற ஆள் நான்.

மூன்று பத்துக்கு என் பிழையை எல்லோர் முன்னாலும் ஜெர்மனில் சொன்னேன். பிறகு என்னைவிடப் பதினைந்து வயது மூத்தவரை, "சிவா, உன் முறை" என்றேன்.

சிவா பொறுப்பாளரைப் பார்த்தார். "அவர் என்னை வேண்டாம் என்றது அவருடைய விஷயம். என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் அனுப்பியது நீ."

"உன் மனம் நோகக் கூடாது என்றுதான்" என்றார் பொறுப்பாளர்.

"சமையலறையில் நோகாதா?"

நான் இடையில் புகுந்து சமாதானம் சொல்லவில்லை. அதையாவது சரியாகச் செய்தேன். கடைசியில் பொறுப்பாளர், "கேட்டிருக்க வேண்டும்" என்றார். திங்களிலிருந்து சிவா பழைய மாடியில்; முதியவரிடம் பொறுப்பாளரே பேசுவார்.

போகிறவர்களுக்கு: முடிவெடுப்பவரையும் வட்டத்தில் உட்கார வையுங்கள். பாதிக்கப்பட்டவரை முதலில் பேசச் சொல்லாதீர்கள். நம் ஆள் இருந்தால் இன்னும் கவனம். ஐந்து மணி ரயிலில் நின்றுகொண்டுதான் வர வேண்டும்.

சிவா வழியனுப்ப ரயில் மேடை வரை வந்தார். "இப்ப என்னெண்டு கூப்பிடுவீங்கள்?" என்று கேட்டார்.

கதவு மூடப்போகிற நேரம். "போயிட்டு வாறன் அண்ணை" என்றேன்.