மூன்று தூக்கம்

மெர்வின் சினிமா விமர்சகன் ஆனதற்கு அவனுடைய சிறுநீரகங்கள்தான் காரணம். இரண்டும் ஒரே வருடத்தில் கைவிட்டன. சொந்த மண்ணிலிருந்து ஐந்நூறு கிலோமீட்டர் தள்ளி, ஆஸ்திரேலியாவின் நடுப் பாலைவனத்தில் இருக்கிற ஆலிஸ் ஸ்பிரிங்ஸில் வந்து குடியிருக்க வேண்டியதாயிற்று. திங்கள், புதன், வெள்ளி மூன்று நாளும் ஐந்து மணி நேரம் டயாலிசிஸ் நாற்காலி. கையில் இரண்டு ஊசி, எதிர்ச் சுவரில் டிவி. மனிதன் வேறு என்னதான் செய்வான்? ஆறு வருடமாகப் படம் பார்த்தே காலத்தை ஓட்டினான்.

பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டிருக்கிற ஆளும் இல்லை அவன். வெள்ளிக்கிழமை பகல் பன்னிரண்டு மணிக்கு எங்கள் ரேடியோக்காரி லீயான் அவனைப் போனில் பிடிப்பாள். நாற்காலியில் சாய்ந்தபடியே பேசுவான். செம்மண் பாதைகளின் கோடியில் கிடக்கிற குடியிருப்புகள் வரைக்கும் அவன் பேச்சைக் கேட்டுச் சிரிக்கும். நட்சத்திரம் கொடுக்கிற வழக்கமெல்லாம் அவனிடம் கிடையாது. படம் ஓடும்போது எத்தனை முறை தூங்கினான் என்பதுதான் மதிப்பெண்.

"பாலைவனப் படம்னாங்களே, எப்படிண்ணே?"

"மூணு நாள் மணல்ல தவழ்ந்து போறான், லீயான். மூஞ்சில ஒரு ஈ கூட உக்காரல. ஈ இல்லாத பாலைவனத்தை எங்க பிடிச்சாங்களோ! ரெண்டு தூக்கம்."

"பேய்ப் படம்?"

"அந்த வீட்டுல செத்தவங்க நடமாடுறாங்கன்னு மொத நாளே தெரிஞ்சு போச்சு. அப்புறமும் அங்கேயே உக்காந்து சோறு தின்னுறாங்க. நம்ம ஆளுங்கன்னா அன்னிக்கே போர்வையைச் சுருட்டிட்டு வேற ஊருக்குப் போயிருப்போம், படம் பத்து நிமிஷத்துல முடிஞ்சிருக்கும். ஒரு தூக்கம்தான். பயத்துல அதுக்கு மேல வரல."

மெர்வினுக்கு அத்தை மகன் ஒருவன் இருந்தான். அவன் பெயரை நான் சொல்ல மாட்டேன். நாங்கள் இந்த மண்ணின் பூர்வகுடிகள். செத்தவர் பெயரை உச்சரிப்பதில்லை; அவர் உருவத்தையும் பார்ப்பதில்லை. குடும்பத்தார் போதும் என்று சொல்கிறவரை அப்படித்தான். அதே பெயருள்ள பெட்ரோல் பங்க்காரரைக்கூட இப்போது 'பேரில்லாதவரே' என்றுதான் கூப்பிடுகிறோம், அவரும் திரும்பிப் பார்க்கிறார். ஆகவே இவனை மச்சான் என்றே வைத்துக்கொள்வோம்.

மச்சான் கார் மெக்கானிக். எங்கள் பக்கத்தில் படம் பிடிக்க வந்தவர்கள் அவனுடைய முகத்தைப் பார்த்துவிட்டு, மெக்கானிக் வேடத்துக்கே அவனைப் பிடித்துப் போட்டார்கள். படம் முடிந்ததும் ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் திடலில் திரை கட்டிக் காட்டினார்கள். சொந்தபந்தம் மொத்தமும் திரண்டு வந்தது. அந்த வெள்ளிக்கிழமை ரேடியோவில் மெர்வின் என்ன சொல்லப்போகிறான் என்று எல்லோரும் காத்திருந்தார்கள்.

மச்சான் உறவில் கேலி செய்யாவிட்டால் மரியாதை இல்லை. நாலு பேர் நடுவில் புகழ்ந்து வைத்தால், இவனுக்கு என்மேல் என்ன கோபம் என்றுதான் மச்சான்காரன் நினைப்பான். மெர்வின் முறை தவறவில்லை.

"மூணு தூக்கம்!" என்றான். "எங்க மச்சான் வந்தப்பல்லாம் தூங்கிட்டேன். நடுவுல முழிச்சுப் பாத்தா, கார்லேருந்து இறங்குறான். கதவை மூடத் தெரியல, லீயான். முட்டை மேல வைக்கிற மாதிரி மூடுறான். இருபது வருஷ மெக்கானிக்கு! அந்தப் படத்துல நல்லா நடிச்சது எங்க நாய்தான்."

மச்சான் உடனே ரேடியோவுக்குப் போன் போட்டான். "அவனுக்கு மிஷின்ல ரத்தம் சுத்தமாகுது, மூளை சுத்தமாகல. அதுக்கு ஏதாவது மிஷின் இருக்கான்னு கேளுங்க." அந்த வாரம் முழுக்க இதே பேச்சுத்தான்.

ஆனால் ஊர் திரும்புமுன் மச்சான் தனியாக வந்தான். நாற்காலிப் பக்கத்தில் நின்று தொப்பியைத் திருகிக்கொண்டே, "டேய், விளையாட்டை விடு. நெஜமா எப்படி இருந்துச்சு?" என்று கேட்டான்.

மெர்வினுக்குப் புகழ்ந்து பழக்கமில்லை. கேலி பேசியே பழகிய வாய். "டிஸ்க்கு வரட்டும் மச்சான். இங்க உக்காந்து ரெண்டாவது தடவை ஒழுங்கா பாத்துட்டுச் சொல்றேன்" என்று அனுப்பிவைத்தான்.

அன்றிலிருந்து நர்ஸ் பிரியனியை நச்சரிக்க ஆரம்பித்தான். மெல்போர்னிலிருந்து வந்து நாலு மாதம்கூட ஆகாத பெண், நல்ல மனசு. "அந்தப் பட டிஸ்க்கு வந்துச்சா சிஸ்டர்?" என்று ஒரு நாள் விடாமல் கேட்டான். ஏழாவது வாரம் கேட்பதை நிறுத்திவிட்டான்.

அந்த வாரம்தான் மச்சான் பட்டறையில் ஒரு வண்டிக்கு அடியில் படுத்தவன் எழுந்திருக்கவில்லை. மாரடைப்பு. சொந்தபந்தம் கூடித் தங்கித் துக்கம் காக்கிற முகாமில் மெர்வினால் ஒரே ஒரு நாள்தான் உட்கார முடிந்தது. அடுத்த நாள் நாற்காலிக்குத் திரும்பியாக வேண்டும். இல்லையென்றால் அவனும் போக வேண்டியதுதான். மச்சானின் தாய், மெர்வினின் அத்தை மேவிஸும் அவனோடு அதே வேனில் திரும்பினாள். அவளுக்கும் முன்பே சிறுநீரகம் போயிருந்தது. அவள் நாற்காலி அவனுடையதற்கு அடுத்தது. பெற்ற பிள்ளைக்காக முழுசாக உட்கார்ந்து அழக்கூட அந்த இயந்திரம் அவளை விடவில்லை.

மெர்வின் கேட்பதை நிறுத்தியதை பிரியனி கவனித்தாள். பாவம், நம்பிக்கை இழந்துவிட்டான் என்று நினைத்துக்கொண்டாள். தன் கைக்காசில் டிஸ்க்கை வரவழைத்தாள்.

அது வந்தது ஒரு வெள்ளிக்கிழமை காலை. எல்லோருக்கும் ஊசி ஏற்றி முடித்ததும், "இன்னைக்கு உங்களுக்கு ஒரு சர்ப்ரைஸ், மெர்வின்!" என்று சொல்லி டிஸ்க்கைப் போட்டாள். ரிமோட்டைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டாள். உள்ளறையில் ஏதோ இயந்திரம் கத்தியது, ஓடினாள்.

டிவியில் ஒரு சிவந்த குன்று தெரிந்தது. மெர்வினுக்கு அந்தக் குன்றைத் தெரியும். அதன் அடிவாரத்தில்தான் அவனும் மச்சானும் உடும்பு பிடித்துத் திரிந்தார்கள்.

"சிஸ்டர்! நிறுத்துங்க! சிஸ்டர்!" என்று கத்தினான். எழுந்து ஓட முடியுமா? கையில் ஊசி. உடம்பு ரத்தம் பாதி குழாயில் ஓடிக்கொண்டிருக்கிறது. பக்கத்தில் அத்தை போர்வையை இழுத்துத் தலையோடு மூடிக்கொண்டு முனக ஆரம்பித்தாள். மெர்வின் கண்களை இறுக்கிக்கொண்டான்.

உண்மையைச் சொல்ல வேண்டும். பார்க்க ஆசையாக இருந்தது. இமையைக் கொஞ்சம் தூக்கினால் போதும், மச்சான் உயிரோடு நிற்பான். இந்த ஒன்றைத்தானே ஆறு வாரம் கேட்டான்? பக்கத்தில் பெற்றவள் போர்வைக்குள் நடுங்கிக்கொண்டிருக்கும்போது எப்படித் திறப்பது? மூடிய கண்ணிலிருந்து தண்ணீர் காதுக்குள் வழிந்தது. அவன் துடைக்கவில்லை.

ஊசி இல்லாத ஒரு கையால் இரண்டு காதையும் மூட முடியவில்லை. ஒரு கார் வந்து நின்றது. என்ஜின் அணைந்தது. ரொம்ப நேரம் ஒன்றுமில்லை. பிறகு அந்தக் கதவு, மெதுவாக, சத்தம் வராமல் மூடியது. வீட்டுக்குள் ஒரு பெண் ஏதோ முணுமுணுத்துப் பாடிக்கொண்டே சமைக்கிறாள். அவள் புருஷன் செத்துப்போனதை அவளிடம் சொல்லத்தான் படத்தில் மச்சான் வந்திருக்கிறான். அவள் இன்னும் ஒரு நிமிஷம் பாடட்டுமே என்றுதான் கதவை அப்படி மூடியிருக்கிறான். இது திடலிலேயே மெர்வினுக்குப் புரிந்தது. புரிந்துதான் முட்டை என்று கேலி செய்தான்.

பிரியனி ஓடிவந்து டிவியை அணைத்தாள். விஷயம் தெரிந்ததும் கையைப் பிசைந்துகொண்டு அழுதாள். "என்கிட்ட யாருமே சொல்லலையே!"

யார் சொல்வது? சொல்வதற்குப் பெயரை எடுக்க வேண்டுமே. அவள்மேல் எனக்குக் கோபம் இல்லை. யார்மேல் கோபப்படுவது என்று தெரியாமல் இருப்பதுதான் பெரிய அவஸ்தை.

பன்னிரண்டு மணிக்குப் போன் அடித்தது. "இந்த வாரம் என்னண்ணே பாத்தீங்க?" என்று லீயான் கேட்டாள்.

"ஒண்ணும் பாக்கல."

"என்னண்ணே, நீங்களா?"

"பாக்கலம்மா." போனை வைத்துவிட்டான்.

கொஞ்ச நேரம் கழித்து அத்தை போர்வையிலிருந்து முகத்தை வெளியே எடுத்தாள்.

"கண்ணைத் திறந்தியாடா?"

"இல்லத்தே."

"நானும்தான்." மூச்சு வாங்கினாள். "அன்னிக்கு ரேடியோல மூணு தூக்கம்னியே."

"சொன்னேன்."

"நெஜமாவா?"

மெர்வின் அணைந்துபோன டிவியைப் பார்த்தான். "கண்ணு இமைக்கல அத்தே. ஒரு தூக்கம்கூட இல்ல."

அத்தை தலையை ஆட்டினாள். ஊசி இல்லாத கையை அவன் பக்கம் நீட்டினாள். எட்டவில்லை.

"அவன்கிட்ட சொன்னியா?"

"ரெண்டாவது தடவை பாத்துட்டுச் சொல்லலாம்னு இருந்தேன்."

இயந்திரம் முடிய இன்னும் இரண்டு மணி நேரம் இருந்தது.