இரண்டாம் இடத்துப் பாட்டு

ஹட்டனில் மஸ்கெலியா பஸ் ஏறுகிறவர்கள் காதுக்குப் பஞ்சு கொண்டுபோவது நல்லது. போன வாரம் ரேடியோவில் அந்தக் காலத்து முதல் பத்துப் பொப் பாட்டுகள். பஸ்ஸே அதிர்ந்தது.

முன் சீட்டில் என் பள்ளித் தோழர் அந்தோனி. பக்கத்தில் அவர் மனைவி மேரி. அந்தோனி திரும்பிப் பார்த்தார்.

“நம்ம பாட்டப் போடுவாங்களா?”

போடவில்லை. போடவும் மாட்டார்கள்!

வாலிபத்தில் கிட்டாரும் கையுமாகத் திரிந்தவர் அந்தோனி. தோள்வரை முடி, தரையைக் கூட்டும் பெல்பொட்டம். கொழும்புக்குப் போய் ஒரு பொப் பாட்டுப் பாடினார். அது ரேடியோவில் ஒலித்ததும் மேரியைப் பெண் கேட்டுப் போனார். மேரியின் அப்பா எங்கள் தேயிலைத் தோட்டத்துக் கணக்கப்பிள்ளை. சிரிக்காமலே கிண்டல் செய்வார்.

“ரேடியோவுல மொத எடத்துக்கு வாங்க தம்பி. அப்புறம் பேசுவோம்.”

அப்போது வாராவாரம் முதலிடத்தைத் தீர்மானித்தவை நேயர்களின் தபாலட்டைகள். அவ்வளவுதானே? தோட்டமே களத்தில் இறங்கியது. ரேடியோவே இல்லாத தொழிலாளர் லயத்து வீடுகளிலிருந்து ‘நேயர் விருப்பம்’ குவிந்தது. தொட்டில் பிள்ளைகள்கூட பொப் ரசிகர்களானார்கள். தபாற்கந்தோரில் அட்டை தீர்ந்தேபோனது. காசு கொடுத்து ‘லைக்’ வாங்கும் இன்றைய பிள்ளைகள், ஏதோ தாங்களே கண்டுபிடித்த மாதிரி அலட்டுகிறார்கள்...

முடிவு? இரண்டாம் இடம்.

அந்தோனி சாப்பாட்டை வெறுத்தார். ஞாயிறு பூசைக்கும் வரவில்லை. கடைசியில் கணக்கப்பிள்ளையே ஆள் அனுப்பினார். கிட்டாரை வீட்டில் வைத்துவிட்டு, தலைகுனிந்து போய் நின்றார் மனிதர்.

“மொத எடம் வந்திருந்தா கொழும்புலயே கெடந்து பாடிக்கிட்டிருப்பீங்க. எம் மக என்னத்தச் சாப்பிடுறது? இனி ஒழுங்கா ஒரு வேலைக்குப் போவீங்க. பொண்ணு தாறேன்.”

தோற்றவருக்குப் பதவி கிடைப்பது நம் நாட்டில் புதிதா என்ன?

பஸ்ஸில் இதையெல்லாம் பேசிச் சிரித்துவிட்டு, “இருந்தாலும் எந்தப் பாவி அந்த முதலிடத்துப் பாட்டுக்கு அட்டை போட்டானோ...” என்றேன்.

“நான்தாங்கண்ணே” என்றார் மேரி.

அந்தோனி மேரி பக்கம் திரும்பினார். “நீயா? தோத்தாத்தான் ஒங்கப்பா பொண்ணு தருவாருன்னு தெரிஞ்சா போட்ட?”

“அதெல்லாம் இல்லீங்க. அந்தப் பாட்டுத்தான் நல்லா இருந்துச்சு. எனக்கு ஒங்களத்தான் புடிச்சுச்சு... பாட்டப் புடிக்கல.”

பஸ் இரண்டு வளைவு தாண்டியது. அந்தோனி மெல்லக் கேட்டார்.

“ஒரு அட்டதானே போட்ட?”

மேரி ஜன்னல் பக்கம் திரும்பி, மும்முரமாகத் தேயிலையைப் பார்க்க ஆரம்பித்தார்.