பதினோரு பேரும் நாற்பது கேபியும்

பக்கத்துப் பட்டறையில் பெயிண்டைச் சூளையில் வேகவைக்கும் நெடி... கூடவே மோடம் போடும் கீச்சுச் சத்தம். அம்பத்தூர் எஸ்டேட்டில் பார்த்த முதல் வேலை என்றாலே எனக்கு இந்த இரண்டும்தான் ஞாபகம் வரும்.

வெப்சைட் செய்து கொடுக்கும் ஆபீஸ். ஆபீஸ் என்றால் மாடியில் ஒரு ரூம், இரண்டு கம்ப்யூட்டர், நான். முதலாளி எப்போதாவது எட்டிப் பார்ப்பார்.

ஸ்பிரிங் பட்டறை வைத்திருந்த ஏகாம்பரம் அண்ணன் ஒருநாள் வந்தார். வெளியூர் கம்பெனி ஒன்று அவருக்குப் பெரிய ஆர்டர் தருவதாக இருந்தது. அதற்கு முன் வெப்சைட்டைப் பார்க்க வேண்டுமாம். நானும் குஷியாக இறங்கினேன். சுற்றும் ஸ்பிரிங், பின்னணியில் நாதஸ்வரம், நடுவில் பட்டறை ஆட்கள் பதினோரு பேரும் இருக்கும் பெரிய போட்டோ... ஒன்றையும் விடவில்லை.

முடித்துவிட்டு, போன் லைனில் டயல் பண்ணித் திறந்து, வாட்சைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தேன். மூன்று நிமிஷம்! பேஜ் மொத்தம் தொள்ளாயிரம் கேபி, அதாவது கிலோபைட். அதற்குள் அந்தக் கம்பெனிக்காரர் வேறு பட்டறையைத் தேடிப் போய்விடுவார்.

நாதஸ்வரத்தைத் தூக்கினேன். ஸ்பிரிங் சுற்றுவதை நிறுத்தினேன். போட்டோவைச் சுருக்கி, பிழிந்து, முப்பது கேபிக்குக் கொண்டு வந்தேன். இப்போது மொத்த பேஜும் கால் நிமிஷத்துக்குள் திறந்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை.

ஏகாம்பரம் அண்ணன் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு மானிட்டரை ஒட்டிப் பார்த்தார்.

"நைனா, கீழ கடசீல குந்திகினு கீறது யாரு?"

"கன்னியப்பன் அண்ணன்."

"அவன் மூஞ்சி எங்க? இட்லி மாவு மாறி கீது."

"சைஸ் கொறைச்சா அப்படித்தான்ணே வரும். பேஜ் சீக்கிரம் தெறக்கணும்ல?"

"இன்டர்நெட்ல உங்க மூஞ்சி வருதுன்னு பதினோரு பேருக்கும் சொல்லிகீறேன்பா. ஞாயித்துக்கெழம கன்னியப்பன் பொண்டாட்டி வேற பாக்க வருது. ஆர்டரும் வோணும், அவன் மூஞ்சியும் வோணும். இன்னா பண்ணுவியோ பண்ணு."

எரிச்சலாக வந்தது. இரண்டும் வேண்டுமென்றால் நான் எங்கே போவேன்?

சாப்பிட்டுவிட்டு வந்து பழைய போட்டோவைத் திறந்தபோதுதான் உறைத்தது. பாதிப் படம் தகரக் கூரையும் வானமும். ஓரத்தில் ஒரு மினி லாரி வேறு. இத்தனை நாள் இதையெல்லாம்தான் நான் சுமந்துகொண்டிருந்தேன். எல்லாவற்றையும் வெட்டிவிட்டு ஆட்களை மட்டும் நெருக்கமாக வைத்தேன். கண், மூக்கு, மீசை எல்லாம் தெளிந்தது. நாற்பது கேபி. பத்து கூடினால் கூடட்டும்.

ஞாயிற்றுக்கிழமை கன்னியப்பன் அண்ணன் திருமுல்லைவாயிலிலிருந்து மனைவியோடு வந்தார். இஸ்திரி போட்ட சட்டை. படம் மேலிருந்து கோடு கோடாக இறங்கியது. மேல் வரிசைத் தலைகள்... தோள்கள்... அந்த அக்கா கண்ணைச் சிமிட்டவே இல்லை.

"வந்துகினு கீது, வந்துகினு கீது... தோ, இவுருதான்" என்றார் அக்கா.

கன்னியப்பன் அண்ணன் வெட்கப்பட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அக்கா "இன்னொரு வாட்டி காட்டு தம்பி" என்றார். காட்டினேன்.

ஆர்டரும் அடுத்த வாரமே வந்தது.

இப்போது வேலப்பன்சாவடியில் பிளாட், ஐடி கம்பெனியில் வேலை. அதே வேலைதான், மில்லி செகண்டில் அளக்கிறோம். கால் செகண்ட் குறைத்தால் மீட்டிங்கில் கை தட்டுகிறார்கள். சந்தோஷமாகத்தான் இருக்கிறது, பொய் சொல்ல மாட்டேன்.

ஆனால் அன்றைக்குக் கன்னியப்பன் அண்ணன் முகம் வந்து சேரப் பத்து செகண்ட் ஆனது. அதை மட்டும் குறைக்கச் சொன்னால் எனக்கு மனசு வராது.