ஊசி உடைந்தால் கை தூக்க வேண்டும்

அவளை நான் இன்றைக்கும் மன்னிக்கவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். என்னைப் பற்றி நல்லவிதமாக நினைத்துக்கொண்டு யாரும் இதைப் படிக்க வேண்டாம்.

உத்திரமேரூரிலிருந்து விடியற்காலையில் கிளம்பும் கம்பெனி வேனில்தான் அவளும் நானும் ஷூ கம்பெனிக்குப் போவோம். குழந்தைகள் ஷூவுக்கு மேல்தோல் தைக்கிற லைன் எங்களுடையது. ஒன்பது மிஷின், ஒன்பது பெண்கள். அங்கே ஒரு கண்டிப்பான சட்டம் உண்டு. ஊசி உடைந்தால் அத்தனை துண்டையும் தேடியெடுத்து, நோட்டில் டேப் போட்டு ஒட்டிக் காட்டினால்தான் புது ஊசி தருவார்கள். ஒரு துண்டு குறைந்தாலும் அன்றைக்குத் தைத்ததை எல்லாம் நிறுத்திச் சோதிப்பார்கள். ஷூவுக்குள் ஊசிமுனை போய்விட்டால் எங்கோ ஒரு குழந்தையின் காலில் அல்லவா ஏறும்?

நான் சேர்ந்த ஐந்தாம் வருடம் என் ஊசி உடைந்து முனை காணாமல் போயிற்று. என்னை லைன் லீடர் ஆக்கப்போவதாகப் பேச்சு அடிபட்ட வாரம் அது. பயத்தில் புத்தி கெட்டுப்போய், ஒளித்து வைத்திருந்த வேறு ஊசியை மாட்டித் தைத்தேன். பக்கத்து மிஷின்காரியான அவளிடம் மட்டும் சொன்னேன். தினமும் ஒரே டப்பாவில் கைபோட்டுச் சாப்பிட்டவர்கள் நாங்கள்.

"இன்னாத்துக்கு பயந்துக்கினு கீற? மெதுவா தேடிக்கலாம். நான் யாராண்டயும் சொல்ல மாட்டேன்" என்றாள்.

டீ நேரம் முடிவதற்குள் மேனேஜர் என் எதிரில் வந்து நின்றார். தப்பு என்னுடையதுதான், இல்லையென்று சொல்லவில்லை. முனைகூட அப்புறம் மிஷின் எண்ணெய்த் தட்டில் கிடைத்துவிட்டது. ஆனாலும் என்னை நூல் வெட்டுகிற மேசைக்குத் துரத்தினார்கள். லீடர் நாற்காலி அவளுக்குப் போயிற்று. மூன்று வருடம் கையில் கத்தரியோடு நின்றேன். தினமும் என்னைத் தாண்டிப் போகும்போது, "நாஷ்டா துன்னியாக்கா?" என்று கேட்பாள். துன்னேன்டி என்று சிரிப்பேன்.

அவள் லைன் உருப்படவில்லை. கோள் சொல்லி நாற்காலி பிடித்தவளிடம் எவள் வாயைத் திறப்பாள்? ஆளுக்கு ஆள் மறைத்தார்கள், திரும்பி வந்த சரக்கு குவிந்தது. அவளுக்கு எச்சரிக்கைக் கடிதம் கொடுத்து மிஷினில் உட்காரவைத்தார்கள். வேலை தெரிந்தவள் என்று என்னை லீடராக்கினார்கள். எனக்கு அந்த நாற்காலி வேண்டியிருந்தது ஒரே ஒரு காரியத்துக்குத்தான். அவள் என் கையில் சிக்க வேண்டும்.

முதல் நாளே ஒன்பது பேரையும் கூட்டிவைத்துச் சொன்னேன். "அன்னிக்கி ஊசிய மறைச்சது நான்தான். இனிமே யாரும் மறைக்க வேணாம். ஊசி உடைஞ்சா கைய தூக்குங்க. எல்லா மிஷினும் நிக்கும், எல்லாரும் தேடுவோம். மேனேஜர் கேட்டா லைன்ல உடைஞ்சிச்சின்னு சொல்லுவேன். யார் பேரும் என் வாயில வராது."

இரண்டு வாரம் ஒரு கையும் எழவில்லை. பிறகு மானாம்பதி ஊரிலிருந்து வருகிற ஒருத்தி தூக்கினாள். எல்லோரும் தரையில் மண்டிபோட்டுக் காந்தத்தை வைத்துத் தேடியெடுத்தோம். ஒருத்தி தலை இன்னொருத்தி தலையில் முட்டி, சிரித்துச் சிரித்து வயிறு வலித்தது. அதற்குப் பிறகு கைகள் தாமாக எழுந்தன. சரக்கு திரும்பி வருவது நின்றது. மற்ற லைன்காரிகள் எங்களோடு சேர்த்துக்கொள்ளச் சொல்லிக் கேட்டார்கள். எனக்கே அது பிடித்துப்போயிற்று. எதற்காக ஆரம்பித்தேன் என்பது பாதி மறந்துவிட்டது. பாதிதான்.

அவள் மட்டும் கை தூக்காமலே இருந்தாள். ஒருநாள், சரக்கு ஏற்ற லாரி வந்து நின்ற நேரத்தில், தூக்கினாள்.

"அக்கா, முனை கெடைக்கல. ரெண்டு பொட்டி பேக்கிங்குக்கு பூடுச்சி."

இன்னொரு புகார் வந்தால் அவளுக்கு வேலை போய்விடும் என்பது லைன் முழுக்கத் தெரியும். அவள் வீட்டில் வேலைக்குப் போகிறவள் அவள் ஒருத்திதான். நான் சொல்வதற்கு முன்பே மற்ற எட்டுப் பேரும் தரையில் இறங்கிவிட்டார்கள். நான் இறங்கவில்லை. நேராக மேனேஜர் அறைக்குப் போனேன். பெட்டிகளை நிறுத்துவதற்கு, லைனில் உடைந்தது என்று சொன்னாலே போதும். நான் பெயரைச் சொன்னேன். இரண்டு முறை சொன்னேன்.

சாயங்காலம் அடையாள அட்டையைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வேன் பக்கத்தில் நின்றிருந்தாள். "நீ தூக்க சொன்னன்னுதானேக்கா தூக்கினேன்" என்றாள்.

"நீகூடத்தான் சொல்ல மாட்டேன்னு சொன்ன" என்றேன். அவள் முகம் செத்துப்போயிற்று. எனக்கு இனித்தது. பொய் சொல்வானேன், அன்றைக்கு நன்றாகத் தூங்கினேன்.

அடுத்த பத்து நாள் லைனில் ஒரு கையும் எழவில்லை. மிஷின்கள் ஒழுங்காக ஓடுகின்றன என்று நினைத்துக்கொண்டேன். அப்படியும் ஒரு மடத்தனம் உண்டு. பதினோராம் நாள், மானாம்பதிக்காரி தைத்த வெள்ளைத் தோலில் சிவப்பாக ஒரு திட்டு கண்ணில் பட்டது. பக்கத்தில் போனேன். அவள் இடதுகையை மேசைக்கு அடியில் ஏப்ரனில் சுற்றி வைத்துக்கொண்டு, மிஷினில் வேறு ஊசியை மாட்டி, ஒற்றைக் கையால் தோலைத் தள்ளித் தள்ளித் தைத்துக்கொண்டிருந்தாள். கையைப் பிடித்து இழுத்துப் பார்த்தேன். ஆள்காட்டி விரலில், நகத்தைத் துளைத்துக்கொண்டு உடைந்த ஊசி நின்றது. டீக்கு முன்னாலேயே ஏறியிருக்கிறது. ரத்தம் உறைந்து ஏப்ரன் துணி விரலோடு ஒட்டிக் கிடந்தது.

சுற்றி ஏழு மிஷின்களும் ஓடிக்கொண்டே இருந்தன. ஏழு பேருக்கும் தெரிந்திருக்கிறது. ஒருத்தியும் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை.

"எத்தினி நேரமாடி இத்தோட உக்காந்துக்கினு கீற?" என்று கேட்டேன்.

அவள் விரலைப் பார்க்கவில்லை. என் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மேனேஜராண்ட என் பேரை சொல்லிடாதீங்கக்கா" என்றாள்.