வெள்ளிக்கிழமை வடை

எங்கள் மாமாவுக்குக் கல்யாணம் நடந்ததே ஒரு கபாபால்தான் என்பது எங்கள் குடும்பத்தில் எல்லோரும் ஒப்புக்கொண்ட வரலாறு. தர்மபுரி பஸ் நிலையத்துக்குப் பின்னால் இருக்கும் அவருடைய கடைக்கு யார் புதிதாக வந்தாலும் அந்தக் கதையைக் கேட்காமல் தப்பிக்க முடியாது. அங்கே விற்பது பட்டாணியர்களின் சப்ளி கபாப். வாங்குகிறவர்கள் அதைத் ‘துபாய் வடை’ என்கிறார்கள். மாமா இருந்தது சார்ஜாவில்; அது வடையும் கிடையாது. திருத்தித் திருத்தி வாய் வலித்த பிறகு, பலகையிலேயே துபாய் வடை என்று எழுதிவிட்டார். அந்தக் கதை நடந்த நாளில் நானும் கூட இருந்தேன். மாமா சொல்வதில் பொய் எதுவும் இல்லை, பாதிதான் சொல்கிறார்.

நான் ஐந்தாம் வகுப்பு முடித்திருந்த மே மாதம் அது. எங்கள் ஊர் அரூருக்குப் பக்கம். அம்மாவைப் பெற்றவர்கள் இருவரும் காலமாகிவிட்டதால், சார்ஜாவிலிருந்து மொத்தமாகத் திரும்பி வந்த மாமா அக்கா வீடென்று எங்களோடுதான் இருந்தார். முன்தலையில் வெளிச்சம் வர ஆரம்பித்திருந்தது. இரண்டு இடத்தில் பெண் கேட்டு, “சமையல்காரருங்களா?” என்று இழுத்த இழுப்பிலேயே பேச்சு முடிந்துபோயிருந்தது. மூன்றாவதாக அமைந்தது தீர்த்தமலைப் பக்கத்து இடம். பெண்ணின் அப்பா சித்தேரி மலைக்கு ஏறும் பஸ்ஸில் கண்டக்டர். எங்களைப் போலவே மாதா கோயில் குடும்பம். கோயில் காரியத்தில் ரொம்பக் கறார் என்று பெயரெடுத்தவர். வெள்ளிக்கிழமை என்றால் கறி மீன் மட்டுமல்ல, முட்டை வேகும் பக்கம்கூடத் திரும்ப மாட்டாராம். நாங்கள் போய்ப் பெண்ணைப் பார்த்தாகிவிட்டது, எல்லோருக்கும் பிடித்துவிட்டது. இனி அவர்கள் வந்து எங்கள் வீட்டைப் பார்க்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வருவதாகச் சொல்லியிருந்தார்கள்.

எங்கள் பக்கத்தில் பெண் வீட்டார் இப்படி வரும்போது லேசில் எதையும் வாயில் வைக்க மாட்டார்கள். வீட்டைச் சுற்றிப் பார்ப்பார்கள், கிணற்றை எட்டிப் பார்ப்பார்கள், மாட்டைக்கூடத் தட்டிப் பார்ப்பார்கள். மனசுக்குப் பிடித்தால்தான் கை நனைப்பார்கள். அதாவது, கையால் எடுத்து ஏதாவது சாப்பிட்டுவிட்டுக் கை கழுவுவார்கள். கழுவிவிட்டால் சம்மதம் என்று அர்த்தம். அதற்குப் பிறகு இரண்டு பக்கமும் பின்வாங்க முடியாது. இந்த இடமும் தட்டிப்போனால் தம்பி மறுபடி சார்ஜாவுக்கே போய்விடுவான், அப்புறம் அவனுக்கு இந்த ஜென்மத்தில் கல்யாணம் கிடையாது என்று அம்மா சாப்பாடு இறங்காமல் கிடந்தாள்.

மாமாவின் கவலை வேறு. வந்தவர்கள் தன் கபாபைத் தின்று பார்த்துவிட்டால், சமையல்காரன் என்று இழுக்க மாட்டார்கள் என்று நம்பினார். அவர் வேலை பார்த்தது பெஷாவர்ப் பக்கத்துப் பட்டாணியர் ஒருவரின் ஓட்டலில். வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்ததும் தெருவை அடைத்துக்கொண்டு கூட்டம் நிற்குமாம். பெஷாவரைச் சுற்றியிருக்கும் ஒவ்வொரு ஊர்க்காரனும் எங்கள் ஊர்க் கபாப்தான் அசல் என்று அடிதடிக்கே போவானாம். அங்கே மாட்டுக்கறியைக் கொத்திச் செய்வார்கள். எங்கள் தெருக்காரர்கள் மனம் கோணக்கூடாது என்று மாமா ஆட்டுக்கறிக்கு மாறிக்கொண்டார். உலர்ந்த மாதுளை விதைக்கு எங்கே போவது? மாதுளம்பழம் வாங்கி உதிர்த்துக் கூரைமேல் காயவைத்தார், பாதியை அணில் தின்றது. தனியாவை மாவாக்காமல் ஒன்றிரண்டாக உடைக்க வேண்டும், அது என் வேலை. வெங்காயம், பச்சை மிளகாய், தக்காளி, பிடித்து வைக்கக் கொஞ்சம் மக்காச்சோள மாவு. எல்லாவற்றையும் கறியோடு பிசைந்து, உள்ளங்கை அகலத்துக்கும் மேலாகத் தட்டி, கொழுப்பை உருக்கி அதிலேயே பொரிக்க வேண்டும். சப்பல் மாதிரித் தட்டையாக இருப்பதால்தான் சப்ளி என்று பெயர் வந்தது என்பார் மாமா. “அப்ப என் பழைய ஜோடி ஒண்ணு கெடக்குது மாப்ள, அதையும் சேத்துப் பொரிச்சுரு” என்று அப்பா நக்கல் செய்வார்.

ஞாயிற்றுக்கிழமை சொதப்பிவிடக்கூடாது என்று முன்கூட்டியே ஒரு தடவை செய்து பார்க்க ஆசைப்பட்டார் மாமா. வியாழக்கிழமை சாயந்திரமே கறி வாங்கி மசாலா பிசைந்து வைத்தார். பொரிக்கக் கிளம்பியது வெள்ளிக்கிழமை காலையில். அம்மாவுக்கு வந்ததே கோபம்.

“வெள்ளிக்கெழமையும் அதுவுமா வூட்டுல கவிச்சி வேகறதா? என் அடுப்புல சட்டி ஏறுச்சுன்னா உன்னையும் சேத்து வெளிய போட்டுருவேன்.”

“அக்கா, அங்க எங்களுக்குப் பூசையே வெள்ளிக்கெழமைதான்க்கா. லீவும் அன்னைக்குத்தான், விருந்தும் அன்னைக்குத்தான். இத்தன வருசமா எனக்கு வெள்ளிக்கெழமைதான் ஞாயித்துக்கெழமை.”

“அதெல்லாம் ஏரோப்ளேன்லயே எறக்கி வெச்சுட்டு வரணும்.”

கடைசியில் வீட்டுக்கு வெளியே, பின்பக்கம் வேப்பமரத்தடியில் பொரித்துக்கொள்வது, சாப்பிடுவது மறுநாள்தான் என்று ஓர் உடன்படிக்கை ஏற்பட்டது. மூன்று கல்லைக் கூட்டி, மாட்டுக்குக் கஞ்சி காய்ச்சும் அகன்ற சட்டியைத் தேய்த்து ஏற்றினார் மாமா. தெருவில் யாருக்கும் வாசனை போய்விடக்கூடாது என்று அம்மா முன்கதவைச் சாத்தித் தாழ்போட்டாள். அப்பா மாங்கூழ் ஆலைக்கு வேலைக்குப் போயிருந்தார். நான் மாமாவுக்கு எதிரே குத்துக்காலிட்டு உட்கார்ந்து, நாளை வரைக்கும் எப்படிப் பொறுத்திருப்பது என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

முதல் ஈடு பொரிந்து தாம்பாளத்துக்கு வந்தது. ஓரமெல்லாம் மொறுமொறுவென்று சிவந்து, உடைத்த தனியா மேலெல்லாம் துருத்திக்கொண்டு, பார்க்க அசல் பருப்பு வடைதான். நான் மோந்து பார்க்கக் குனிந்தபோது பின்னாலிருந்து குரல் கேட்டது.

“தோத்திரம்ங்க. முன்னால தட்டிப் பாத்தேன், யாரும் தொறக்கல. பேச்சுச் சத்தம் கேட்டுச்சு, அப்படியே சுத்தி வந்துட்டேன்.”

கண்டக்டர். பெண்ணின் அப்பா. வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, கையில் ஒரு மஞ்சள் பை. கூட ஒருவரும் இல்லை.

அம்மா பின்வாசற்படியில் அப்படியே நின்றுவிட்டாள். மாமாவின் கரண்டி சட்டிக்கு மேலே நின்றது, அதிலிருந்து கொழுப்பு சொட்டிக்கொண்டிருந்தது. சொல்லாமல் கொள்ளாமல் வந்து பார்த்தால்தான் வீட்டின் உண்மையான லட்சணம் தெரியும் என்று சிலர் இப்படி முன்கூட்டியே வந்து நிற்பது உண்டு என்று பெரியவர்கள் பேசக் கேட்டிருக்கிறேன். எங்கள் லட்சணம் தாம்பாளத்தில் ஆவி பறக்க உட்கார்ந்திருந்தது.

“வாங்கய்யா, வாங்க. தோத்திரம். ஞாயித்துக்கெழமைன்னு சொன்னாங்க…”

“ஆமாம்மா. இன்னைக்கு எனக்கு வார லீவு. சும்மா இந்தப் பக்கம் வந்தேன்.” அவர் சட்டியைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். “பாப்பா, மாமா என்ன சுடறாரு?”

கோயில் ஞானோபதேச வகுப்பில் பொய்யும் பாவம், வெள்ளிக்கிழமைக் கறியும் பாவம் என்று ஒரே பக்கத்தில் படித்திருந்தேன்.

“வடைங்கய்யா,” என்றாள் அம்மா.

சொன்ன வேகத்தில் அவள் முகம் வெளுத்துவிட்டது. மாமா அவளைத் திரும்பிப் பார்த்தார். எனக்கு அப்போது பெரிய நிம்மதி, கண்டம் தாண்டிவிட்டது என்று நினைத்தேன். அவர் வேப்பமரத்தடிக் கல்லில் உட்கார்ந்து, சட்டைக் காலரை இழுத்துவிட்டுக்கொண்டு, “அப்ப ஒண்ணு குடுங்க” என்றபோதுதான் கண்டம் இனிமேல்தான் என்று புரிந்தது.

கொடுத்தால், கடித்த மறுநொடி தெரிந்துவிடும். வெள்ளிக்கிழமை கறி தின்கிற வீடு, அதையும் பொய் சொல்லித் தின்னக் கொடுத்த வீடு. கொடுக்காவிட்டால், வந்த சம்பந்தியின் பசிக்கு ஒரு வடை தராத வீடு. உண்மையைச் சொன்னால் அம்மா பொய்க்காரி. எந்தப் பக்கம் போனாலும் மாமாவுக்குப் பெண் இல்லை.

“சூடு ஆறட்டுங்கய்யா. உள்ள வாங்க, காப்பி போடறேன்.”

“காப்பி வேண்டாம்மா.”

“கொஞ்சம் இருந்தீங்கன்னா சோறு வடிச்சுருவேன். இனிமேத்தான் ஒலை வெக்கணும்.”

“இருக்க நேரமில்லம்மா. பன்னண்டு மணி வண்டியப் புடிக்கணும். இதுலயே ஒண்ணு எடுத்துக்கறேன்.”

மாமா கரண்டியைக் கீழே வைத்துவிட்டு எழுந்தார். அவர் சொல்லிவிடப் போகிறார் என்று எனக்குத் தெரிந்தது. உதடு பிரிந்தது, “அய்யா, அது வந்து…” என்று ஆரம்பித்தும்விட்டார். அதற்குள் கண்டக்டர் குனிந்து தாம்பாளத்திலிருந்து ஒன்றை எடுத்துக் கடித்துவிட்டார்.

சட்டியில் போட்டிருந்த இரண்டும் கருக ஆரம்பித்தன, எடுப்பார் இல்லை. அவர் மென்றார். தாடை நிதானமாக மேலும் கீழும் போனது. தனியா பல்லில் நொறுங்கும் சத்தம்கூடக் கேட்டது. ஒரு கணம் மெல்வதை நிறுத்தினார். அம்மா சேலைத் தலைப்பை வாயில் வைத்து அழுத்திக்கொண்டாள். பிறகு விழுங்கினார். மறுபடி கடித்தார். கடைசித் துணுக்கு வரைக்கும் தின்று முடித்தார்.

“பருப்பு நல்லா ஊறியிருக்குதும்மா,” என்றார்.

தொட்டியடிக்குப் போய்த் தானே தண்ணீர் மொண்டு கை கழுவினார். முகத்தையும் கழுவினார். தோள் துண்டால் துடைத்துக்கொண்டே, எங்களுக்கெல்லாம் கேட்கும்படி, “கை நனைச்சாச்சுங்க. இனி ஆக வேண்டியதப் பாருங்க” என்றார். மஞ்சள் பையிலிருந்து பழச்சீப்பை எடுத்து என் கையில் கொடுத்துவிட்டு, வீட்டுக்குள் எட்டிக்கூடப் பார்க்காமல் போய்விட்டார்.

அம்மா படியிலேயே உட்கார்ந்து அழுதாள். சந்தோஷமா பயமா என்று அவளுக்கே தெரிந்திருக்காது. மாமாதான் திடீரென்று வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பஸ் நிறுத்தத்தைப் பார்த்து ஓடினார். “வேண்டான்டா, சொல்லாதடா” என்று அம்மா கத்தியதை அவர் காதில் வாங்கவில்லை. திரும்பி வரும்போது நடைதான், ஓட்டமில்லை.

“சொல்லிட்டியா?”

“சொல்லிட்டேங்க்கா. வடை இல்லீங்க, கறிங்க, மன்னிச்சுருங்கன்னேன்.”

“என்ன சொன்னாரு?”

“வடைதான மாப்ளன்னாருக்கா. வண்டி வந்துச்சு, ஏறிட்டாரு.”

மாப்பிள்ளை என்றே கூப்பிட்டுவிட்டாரே என்று அம்மா அப்போதுதான் மூக்கைச் சிந்தினாள். அவ்வளவுதான் கதை. கறாரான மனிதரே ருசியில் மயங்கி வெள்ளிக்கிழமையை மறந்துவிட்டார் என்று மாமா கடையில் முடிப்பார். கேட்பவர்கள் சிரித்துவிட்டு இன்னொரு பிளேட் சொல்வார்கள். நானும் அப்படித்தான் நம்பியிருந்தேன்.

போன வருடம் என்னைப் பெண் பார்த்துவிட்டுப் போன வீட்டாரின் வீட்டுக்கு நாங்கள் போக வேண்டியிருந்தது. கிளம்பும் முன், அங்கே கபாப் போட்டால் எல்லோரும் பட்டென்று கை நனைத்துவிடலாம் என்று நான் விளையாட்டாகச் சொன்னேன். எனக்குத் தலை பின்னிக்கொண்டிருந்த அத்தை, அதாவது மாமாவின் மனைவி, சிரிக்கவில்லை.

“எங்கப்பாவுக்குக் கறி எது வடை எதுன்னு தெரியாதாடி? கிட்ட வர்றப்பவே தெரிஞ்சிருக்கும்.”

பின்னிக்கொண்டே சொன்னாள். எங்கள் கோயில்களில் கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு பூசையில் சாமியார் மாப்பிள்ளை பெண் பெயர்களை வாசித்து, தடை ஏதாவது தெரிந்தால் சொல்லச் சொல்வார். அதற்கு ஓலை வாசிப்பது என்று பெயர். மாமாவுக்கு முன்னால் அத்தைக்கு வேறோர் இடம் பேசி, இரண்டு ஓலை வாசித்திருந்தார்கள்.

“மூணாவது ஞாயித்துக்கெழமை நான் முன்வரிசையில முக்காடு போட்டுக்கிட்டு உக்காந்திருக்கேன். பேர் வரல. ராத்திரியே வந்து வேண்டாம்னு சொல்லிட்டாங்களாம். ஏன்னு இன்னைக்கு வரைக்கும் தெரியாது. அதுக்கப்புறம் வந்தவங்க எல்லாம் அதக் கேள்விப்பட்டதும் போயிருவாங்க. உங்க வூட்டுக்கு ஞாயித்துக்கெழமை சொந்தக்காரங்களோட வந்தா யாராச்சும் ஒருத்தரு வாய விட்டுருவாங்கன்னு அப்பாவுக்குப் பயம். அதான் முந்தியே தனியா வந்தாரு. காப்பி குடிச்சாக் கணக்குல வராது, கையால எடுத்து ஏதாச்சும் தின்னுட்டு வந்துரணும்னு காலையில வெறும் வயித்தோட கெளம்பினாரு.”

“மாமாவுக்குத் தெரியுமா?”

“கல்யாணத்தன்னைக்கே சொல்லிட்டேன். அவரு அத விட்டுட்டுத்தான கடையில கதை சொல்றாரு.”

கண்டக்டர் தாத்தா அந்தச் சனிக்கிழமை சாமியாரிடம் பாவசங்கீர்த்தனம் செய்யப் போனாரா என்று கேட்டேன்.

“போனாரு. கறி தின்னதச் சொன்னீங்களாப்பான்னு கேட்டேன். அது எங்கேம்மா ஞாபகத்துக்கு வந்துச்சு, உன்னைப் பத்தி மாப்ள வூட்டுல சொல்லாம வந்ததத்தான் சொன்னேன்னாரு.”

கபாப் பொரித்த அந்த வெள்ளிக்கிழமை சாயந்திரம் நான் ஒருவருக்கும் தெரியாமல் மாதா படத்துக்கு முன் முழங்காலில் நின்றேன். அந்தப் பெரியவர் நரகத்துக்குப் போய்விடக்கூடாது என்று அழுது அழுது செபம் சொன்னேன். மற்றது அப்போது தெரியாததால், கறிக்காக மட்டும் சொன்னேன்.