என்னை மரமேற்றிய பச்சைக்காய்

புளிய மரத்தின் மேல் இருக்கும்போது மட்டும் எனக்குக் கூச்சம் கிடையாது. கீழே நாலு பேர் கூடினால் வாய் திறக்க மாட்டேன். கல்யாணப் பந்தியில் உட்கார்ந்து, இன்னும் ஒரு கரண்டி குழம்பு ஊற்றுங்கள் என்று கேட்க வராமல் வெறும் சோற்றைப் பிசைந்து தின்றுவிட்டு எழுந்தவன் நான். ஆனால் மரத்தில் ஏறி இரண்டு கிளைகளுக்கு நடுவே காலை ஊன்றிக்கொண்டால் வேறு ஆள் ஆகிவிடுவேன். கீழே புளி பொறுக்குகிற பெண்களைக் கேலி செய்வேன். அடுத்த மரத்தில் இருக்கிற மச்சானைக் கூப்பிட்டுக் கதை பேசுவேன். கீழே இருப்பவர்களுக்கு இலைதான் தெரியும், என் முகம் தெரியாது. மாசி, பங்குனி இரண்டு மாதத்தில் ஒரு வருஷத்துப் பேச்சையும் பேசி முடித்துவிடுகிறேன் என்று என் மனைவி சொல்லுவாள்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒரு மாசியில், உச்சிக் கிளையை உலுக்கிக்கொண்டிருந்தபோது கண் மங்கியது. கிளை இரண்டாகத் தெரிந்தது. கால் வழுக்கி, ஒரு கையில் தொங்கினேன். மச்சான், அதாவது என் மனைவியின் தம்பி, ஏறி வந்து இடுப்பில் கயிறு கட்டி இறக்கினான். மறுநாள் எங்கள் மலையில் இருக்கிற ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார்கள். அங்கே இருந்த நர்ஸம்மா சர்க்கரை என்றார்கள். பல நாளாகவே இருந்திருக்கும், எனக்குத்தான் தெரியவில்லை என்றார்கள்.

வீட்டுக்கு வந்ததும் என் மனைவி, மரத்துக்குக் கொண்டுபோகிற கொக்கியையும் கயிற்றையும் எடுத்துப் பரண்மேல் போட்டாள்.

"இனிமே நீங்க மரத்துக்குக் கீழதான். ஏறலாம்னு நர்ஸம்மா வாயால சொல்லட்டும், அப்ப ஏறுங்க."

அந்தப் பருவம் முழுவதும் பெண்களோடு கீழே உட்கார்ந்து புளியின் ஓட்டைத் தட்டினேன். என் மரத்தில் மச்சான் நின்றான். எனக்கு வாயில் வார்த்தையே வரவில்லை. பக்கத்து வீட்டுப் பெண் ஒருத்தி, மேலே இருந்தால் வாய் ஓயாதே, இப்போது இன்னா ஆச்சு அண்ணா என்று கேட்டாள். குனிந்து ஓட்டைத் தட்டிக்கொண்டே இருந்தேன். என் மரத்துக்குத் திரும்பிப் போக வேண்டும். அது ஒன்றுதான் எனக்கு வேண்டியிருந்தது.

மாத்திரை விடாமல் போட்டேன். சர்க்கரை இறங்கவில்லை. ஆடி மாதம் போனபோது நர்ஸம்மா ஒரு அச்சடித்த தாளைக் கொடுத்தார்கள். தட்டில் பாதிக்குப் பச்சைக்காய் இருக்க வேண்டும், அதற்குப் பேர் சாலட், முதலில் அதைச் சாப்பிட்டுவிட்டுப் பிறகுதான் களியோ சோறோ என்றார்கள். நான் ஐந்தாவது வரைக்கும் படித்தவன். செங்கத்துக்குப் போகிற பஸ்ஸில் அந்தத் தாளை எழுத்துக்கூட்டி வாசித்தேன். அதில் நாலு காய்களின் பேரைப் பிறந்ததிலிருந்து கேட்டதில்லை. மார்க்கெட்டில் கடைக்காரம்மா முன்னால் நின்று, அந்தப் பேர்களைச் சொல்லிக் கேட்கக் கூச்சப்பட்டு, தாளைச் சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டு கேரட்டும் வெள்ளரிக்காயும் முட்டைகோஸும் வாங்கி வந்தேன்.

எங்கள் பக்கத்தில் கொல்லைக்கு, அதாவது நிலத்து வேலைக்கு, போகிறவர்கள் சாப்பாட்டை விடியற்காலையிலேயே உப்புப் போட்டுக் கரைத்தோ பிசைந்தோ தூக்குப் பாத்திரத்தில் எடுத்துப் போவோம். கூழானாலும் சோறானாலும் அப்படித்தான். கொல்லையில் உப்பு டப்பாவைத் தேடிக்கொண்டு யாரும் நிற்க மாட்டார்கள். என் மனைவியும் அந்த வழக்கத்தில், காயையெல்லாம் பொடியாக நறுக்கி, உப்பைப் போட்டுக் குலுக்கி, இறுக்கமாக மூடிக் கொடுத்தாள். மதியம் திறந்தால் பாதிக்குமேல் தண்ணீர். அதில் கோஸ் துவண்டு கிடந்தது. வெள்ளரிக்காய் ஊறிப்போன தோல்போல ஆகியிருந்தது. நர்ஸம்மா சொன்னதை வீணாக்கக் கூடாது என்று தண்ணீரையும் சேர்த்துக் குடித்தேன். மச்சான் எட்டிப் பார்த்தான்.

"இன்னா மாமா, மாட்டுக்கு வெச்ச கழனித்தண்ணிய மாத்தி எடுத்தாந்துட்டீங்களா?"

கூட வேலை செய்த எல்லோரும் சிரித்தார்கள். அன்றிலிருந்து பாறைக்கு மறுபக்கம் போய் முதுகைக் காட்டிக்கொண்டுதான் சாப்பிட்டேன். மூன்று மாதம் இப்படியே போனது. தின்று ஒரு மணி நேரத்தில் வயிறு கூப்பிடும். அதற்குப் பிறகு வழக்கம்போல இரண்டு உருண்டை களி. அதுவும் போதாமல், வீட்டுக்கு வந்ததும் வெல்லத்தைக் கடித்துக்கொண்டு வேர்க்கடலை. இதை இப்போதுதான் எழுதுகிறேன், அப்போது யாரிடமும் சொல்லவில்லை.

ஐப்பசியில் ரத்தம் கொடுத்துப் பார்த்தபோது சர்க்கரை இருந்த இடத்திலேயே இருந்தது. நர்ஸம்மா திட்டுவார்கள் என்று நினைத்தேன். திட்டவில்லை. பச்சைக்காய் சாப்பிட்டு எவ்வளவு நேரத்தில் பசிக்கிறது என்று கேட்டார்கள். ஒரு மணி நேரம் என்றேன்.

"அப்ப வெறும் காய் பத்தலைங்க. வயித்துல நிக்கிற மாதிரி எதனா அதுல சேருங்க."

பின்னால் வரிசையில் ஆள் நின்றதால் என்ன சேர்ப்பது என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. வழியெல்லாம் யோசித்துக்கொண்டே நடந்தேன். வீட்டுக்கு வந்தால் என் மனைவி மாட்டுக்குக் கொள்ளு வேகவைத்துக்கொண்டிருந்தாள். ஏர் ஓட்டுகிற நாட்களில் மாட்டுக்குக் கொள்ளு வைப்போம். நான் ஒரு கரண்டி கொள்ளை வடித்து என் தட்டில் போட்டேன்.

"அது மாட்டுக்கு வெச்சதுங்க."

"நாள் பூரா அதுதான ஏர் இழுக்குது," என்றேன்.

அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். பிறகு இன்னும் ஒரு கரண்டி போட்டாள்.

தண்ணீர் விடுகிற தொல்லைக்கு வழி அதே வாரத்தில் கிடைத்தது. என் மனைவி மலை நெல்லிக்காயை உப்புப் போட்டு ஜாடியில் வைத்திருந்தாள். சாயங்காலம் பார்த்தால் ஜாடியில் தண்ணீர் நிற்கிறது. உப்புப் பட்டால் காய் தண்ணீர் விடும். அதைச் சின்ன வயதிலிருந்து பார்த்திருக்கிறேன். என் தூக்கில் நடந்ததும் அதேதான் என்று அன்றைக்குத்தான் உறைத்தது. நெல்லிக்காய்க்கு அது வேண்டும், என் வெள்ளரிக்காய்க்கு வேண்டாம். உப்பைத் தனியாகக் கொண்டுபோனால் என்ன?

புளிப்புக்கு வேறெங்கும் போகவில்லை. என் மரத்திலேயே காய் பச்சையாகத் தொங்கியது. ஏறக்கூடாது, ஆனால் தாழ்ந்த கிளையிலிருந்து கையால் பறிக்கக் கூடாது என்று யாரும் சொல்லவில்லை. பச்சைப் புளியங்காயை இரண்டு பச்சை மிளகாயோடும் கல்லுப்போடும் அம்மியில் தட்டி ஒரு சின்ன டப்பாவில் அடைத்தேன். தூக்கில் அடியில் தண்ணீர் வடிந்த கொள்ளு, அதன்மேல் ஒரு கைப்பிடி உதிரியான சாமைச் சோறு, அதற்கும் மேல் வெள்ளரி, முள்ளங்கி, கேரட், சின்ன வெங்காயம். வறுத்து இடித்த வேர்க்கடலையைக் காகிதத்தில் மடித்துக்கொண்டேன். கொல்லைக்குப் போன பிறகுதான் எல்லாம் ஒன்றாகச் சேர வேண்டும்.

அது சாமை அறுப்பு நேரம். மதியம் பாறைக்குப் பின்னால் போய், தூக்கைத் திறந்து, டப்பாவில் இருந்ததையும் கடலையையும் கொட்டிக் கையால் பிசைந்தேன். பச்சைப் புளி, மிளகாய் வாசனை காற்றில் ஏறியிருக்க வேண்டும். மச்சான் வந்து தலைக்குமேல் நின்றான்.

"இன்னாத்த மாமா ஒளிச்சி ஒளிச்சி துன்றீங்க?"

சொல்லிக்கொண்டே ஒரு கை அள்ளி வாயில் போட்டான். கேலிக்குத்தான் எடுத்தான் என்று எனக்குத் தெரியும். மென்றான். கடலை அவன் பல்லில் நொறுங்குகிற சத்தம் எனக்குக் கேட்டது. மறுபடியும் ஒரு கை அள்ளினான். மூன்றாவது தடவை அவன் கை வந்தபோது நான் தூக்கை இழுத்துக்கொண்டேன்.

"நாளைக்கு பெரிய தூக்கா எடுத்தாங்க மாமா," என்று சொல்லிவிட்டுப் போனான். அதைவிடப் பெரிய பட்டம் எனக்கு யாரும் கொடுத்ததில்லை.

அன்றைக்கு ஒரு உருண்டை களிதான் உள்ளே போனது. இன்னொன்றுக்கு வயிற்றில் இடமில்லை. பிறகு அரிவாளை எடுத்து அறுத்துக்கொண்டே போனேன். வெயில் மலைக்கு அந்தப் பக்கம் இறங்கியபோதுதான், இன்றைக்குப் பசிக்கவே இல்லையே என்று நினைப்பு வந்தது. வெல்லமும் ஞாபகத்துக்கு வரவில்லை.

தினமும் நன்றாக வந்தது என்று சொல்ல மாட்டேன். ஒரு நாள் பப்பாளிக்காயைப் பால் வடிய விடாமல் நறுக்கிப் போட்டுக் கசந்து போனது. ஒரு நாள் மிளகாய் அதிகமாகிக் கண்ணில் தண்ணீர் வந்தது. கொள்ளு அலுத்தபோது மொச்சை போட்டோம். சந்தவாசலுக்கு வண்டியில் போகிறவர்களிடம் சொல்லி விட்டால் கேரட் வரும், வராவிட்டால் வீட்டுப் பின்னால் காய்த்த பூசணிப் பிஞ்சு. எது மாறினாலும் மூன்று மட்டும் மாறவில்லை. வயிற்றில் நிற்க ஒரு பயறு, பல்லுக்கு வேர்க்கடலை, நாக்குக்குப் புளியங்காய். கார்த்திகை முடிவதற்குள் பாறைக்குப் பின்னால் போவதை விட்டுவிட்டேன். போனாலும் எல்லோரும் அங்கே வந்துவிடுகிறார்கள், போய் என்ன பிரயோசனம்?

என் மனைவி மட்டும் தொடவில்லை. எனக்கு இன்னா நோவா இருக்குது, பச்சையாகத் தின்ன என்பாள். ஒரு சாயங்காலம் மாட்டைக் கட்டிவிட்டு உள்ளே வந்தேன். அவள் அடுப்படியில் திரும்பி உட்கார்ந்து, பாத்திரத்தின் அடியை விரலால் வழித்துத் தின்றுகொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும், பாத்திரம் கழுவுகிறேன் என்றாள். மறுநாளிலிருந்து இரண்டு தட்டு. ராத்திரிச் சோற்றுக்கு முன்னாலும் அதுதான். இன்றைக்கும் அப்படித்தான் நடக்கிறது. காய் இல்லாத நாளில் முதலில் முகம் வாடுவது அவளுக்குத்தான்.

தை மாதம் ரத்தம் கொடுத்துவிட்டு முடிவைக் கேட்க இரண்டு பேரும் போனோம். நர்ஸம்மா புதுத் தாளைப் பார்த்தார்கள். பழைய தாளை எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள். எழுந்து டாக்டரிடம் கொண்டுபோனார்கள். சர்க்கரை நன்றாக இறங்கியிருந்தது. டாக்டர் கண்ணைப் பார்த்தார், காலைப் பார்த்தார், தலை சுற்றுகிறதா என்று கேட்டார். இரண்டு மாத்திரையில் ஒன்றைக் குறைத்தார். வெளியே வந்ததும் என் மனைவி நர்ஸம்மா முன்னால் போய் நின்றாள்.

"இவரு மரம் ஏறலாமாம்மா?"

நான் அவள் முதுகுக்குப் பின்னால் போய் நின்றேன்.

"ஏறட்டும். வெறும் வயித்தோட மட்டும் ஏற வேணாம்."

"நான் இப்பல்லாம் வெறும் வயித்தோட இருக்கிறதே இல்லைங்க," என்றேன்.

அந்த ஆஸ்பத்திரியில் நானாக வாய் திறந்து பேசியது அதுதான் முதல் தடவை. நர்ஸம்மா சிரித்துவிட்டார்கள். அப்படி என்னதான் சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டார்கள். என் மனைவி சொல்ல ஆரம்பித்தாள், புளியங்காயை எப்படித் தட்டுவது என்கிற இடத்தில் தப்பாகச் சொன்னாள், நான் திருத்தினேன். வரிசையில் நின்றவர்கள் நகர்ந்து கிட்டே வந்தார்கள். நர்ஸம்மா மேசையிலிருந்து அந்த அச்சடித்த தாளை எடுத்து, பின்பக்கம் திருப்பி, நான் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டார்கள். உப்பு முதலிலா கடைசியிலா என்று ஒரு கிழவர் கேட்டார். கடைசியில், சாப்பிடுகிற நேரத்தில், என்று கொஞ்சம் சத்தமாகவே சொன்னேன்.

வீட்டுக்கு வந்ததும் என் மனைவி பரணிலிருந்து கொக்கியையும் கயிற்றையும் இறக்கினாள். கயிற்றை இரண்டு கையாலும் இழுத்து இழுத்துப் பார்த்தாள். பிறகு என் கையில் கொடுத்தாள்.

மாசியில் முதல் நாள், காலையிலேயே பச்சைக்காய்த் தட்டைக் காலி செய்துவிட்டு ஏறினேன். கால் தானாக இடம் தேடிப் போனது. உச்சியில் நின்று பார்த்தேன். கிளைகள் எல்லாம் ஒன்று ஒன்றாகத் தெளிவாகத் தெரிந்தன. படவேட்டுப் பக்கம் சமவெளியில் வெயில் விழுந்திருந்தது. கீழே என் மனைவி முகத்தை மேலே தூக்கியபடி நின்றாள். நான் முதல் கிளையை உலுக்கிய பிறகுதான் அவள் நகர்ந்தாள். அப்புறம் எனக்கு வாய் திறந்துகொண்டது. போன பருவத்தில் பேசாததும் சேர்ந்து இரண்டு வருஷத்துப் பாக்கிப் பேச்சு உள்ளே இருந்தது. பொறுக்குகிற பெண்களில் ஒருவரையும் விடவில்லை. அடுத்த மரத்தில் இருந்த மச்சானிடம், கிளை தாங்குமா பார்த்துக்கோ, நீ தின்கிற தீனிக்கு என்றேன்.

மதியம் கீழே பெரிய தூக்கைத் திறந்துவிட்டார்கள். மச்சானும் இறங்கி ஓடிவிட்டான். சுற்றி உட்கார்ந்து பிசைவது மேலிருந்து தெரிந்தது.

"எனக்குக் கொஞ்சம் வைங்கடி," என்று கத்தினேன்.

"நீ மேல பேசிகினு இரு அண்ணா, நாங்க துன்னுகினு கீறோம்," என்றாள் பக்கத்து வீட்டுப் பெண்.

அவர்கள் பக்கம் நீண்டிருந்த கிளையில் காலை வைத்து ஒரு உலுக்கு உலுக்கினேன். தலைமேல் புளி கொட்டியது. திட்டிக்கொண்டே தூக்கை முந்தானையால் மூடினார்கள். நான் இறங்க அவசரப்படவில்லை. இன்னும் மூன்று கிளை பாக்கி இருந்தது. காலையில் தின்றது வயிற்றில் அப்படியே நின்றது.